வினாகிரி போடும் வீட்டில் வாக்யூம் பம்ப்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

மட்டக்களப்பின் களுவாஞ்சிகுடிப் பக்கம் கொப்பறாவுக்குத் தேங்காய் உடைக்கும் இடங்களில் வாளி வாளியாகத் தண்ணி மண்ணில் ஊற்றப்படுகிறது. அதைச் சேர்த்து வந்து வினாகிரி போடும் வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. வடித்த தண்ணியைக் காய்ச்சி, சீனி கலந்து, ஈஸ்ட் போட்டு ஒரு கிழமை நொதிக்க விடுவோம். பிறகு அடியில் படிந்த மண்டி கலங்காமல் தெளிவை எடுத்து, முந்தைய வினாகிரியில் கொஞ்சம் தாயாக ஊற்றி, வாய் அகன்ற பரலில் துணி கட்டி மாதக்கணக்கில் புளிக்க விடுவோம். கடைசியில் வடிகட்டிப் போத்தலில் அடைப்பது. ஆக ஒரு பரலில் இருப்பதைக் குறைந்தது மூன்று முறை இடம் மாற்ற வேண்டும். சாடியால் அள்ளினால் மண்டி கலங்கும். வாயால் உறிஞ்சி ஹோஸ் போட்டால் தொண்டை எரியும். சாதாரணத் தண்ணி மோட்டரைப் போட்டால் உள்ளே இருக்கும் இரும்பையும் பித்தளையையும் புளிப்பு அரிக்கும்.

அதனால்தான் வாக்யூம் பம்ப். வீட்டில் வைன் போடுகிறவர்கள் பயன்படுத்தும் அதே முறைதான் இது. பம்ப் காற்றை மட்டும் இழுக்கும். மூடிய பாத்திரத்துக்குள் காற்று குறையக் குறைய, வெளிக்காற்றின் அழுத்தம் திரவத்தைத் தள்ளிக் கொண்டுவந்து சேர்க்கும். காற்று போகும் வழியில் திரவம் போகக் கூடாது, திரவம் வரும் வழியில் காற்று புகக் கூடாது. கீழே சொல்லும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்று பிழைத்ததால் வருபவை.

எங்கள் வரிசையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் வருவது விளங்கும். தரையில் பரல். அதிலிருந்து ஒரு ஹோஸ், மேசைமேல் இருக்கும் மூடிய வாளிக்கு. வாளியின் மூடியிலிருந்து இன்னொரு ஹோஸ் ஒரு வெறும் போத்தலுக்கு. தவறி வரும் திரவத்தைப் பிடிப்பது அதன் வேலை, நாங்கள் அதைக் காவல் போத்தல் என்போம். அடுத்தது அப்பச்சோடா போட்ட போத்தல். அதன் பிறகு வாக்யூமின் அளவைக் காட்டும் கேஜும் காற்று விடும் வால்வும். கடைசியில் பம்ப். வாளி, பால் கறக்கும் மெஷினோடு வரும் ஸ்டெயின்லெஸ் வாளி. அந்த மெஷின்கள் வேலை செய்வதே 12 முதல் 15 அங்குல (பாதரச அங்குல) வாக்யூமில் என்பதால் வாளி அந்த அளவைத் தாங்கும். பால் சேர்க்கும் அலுமினியக் கேன் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், வினாகிரி அலுமினியத்தைத் தின்னும். 19 லீற்றர் குடிதண்ணிப் போத்தலும் வேண்டாம், உள்ளே இழுத்ததும் நெளிந்து சுருங்கும்.

கேஜில் உள்ள 0 முதல் 30 வரையான எண்கள் பாதரச அங்குலம். திரவத்தை 1 மீற்றர் உயர்த்த ஏறக்குறைய 3 அங்குலம் போதும். ஆகவே சும்மா இடம் மாற்ற 5 அல்லது 6, வடிகட்ட 10 முதல் 12. 15-ஐத் தாண்ட விடுவதே இல்லை. 15 அங்குலத்தில் ஒவ்வொரு சதுர சென்றிமீற்றரிலும் ஏறக்குறைய அரைக் கிலோ பாரம் அழுத்துகிறது. 20 சென்றிமீற்றர் அகலமுள்ள மூடிக்கு அது 160 கிலோவுக்கு மேல். பெரிய கண்ணாடிச் சாடியை வாளிக்குப் பதிலாக வைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பாருங்கள். கீறல் விழுந்த கண்ணாடி உள்நோக்கி உடைந்து சிதறும். கண்ணாடி எதையும் இந்த வரிசையில் வைத்தால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பம்பைத் தொட வேண்டாம்.

பம்ப் ஓடுகிறது, முள் ஏறவே இல்லை

எல்லோரும் முதலில் பம்பைத்தான் சந்தேகிப்பார்கள். நானும் அப்படித்தான், ஏசி வேலை செய்யும் மச்சானிடம் பம்பைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பம்பின் வாயை விரலால் மூடிக் காட்டினார், முள் ஒரே எட்டில் 28-ஐத் தாண்டியது. "பம்பில பிழையில்ல மச்சான், உன்ட மூடியிலதான் பிழை" என்றார்.

அந்தச் சோதனையையே படிப்படியாகச் செய்யுங்கள். ஓர் எச்சரிக்கை: மடித்து மூடியதும் முள் வேகமாக ஏறும், 15-ஐ நெருங்கியதும் காற்று விடும் வால்வைத் திறந்துவிடுங்கள். அந்த ஏற்றத்தைப் பார்த்தாலே போதும், உச்சம் வரை போகத் தேவையில்லை. முதலில் கேஜுக்கும் அப்பச்சோடாப் போத்தலுக்கும் நடுவில் உள்ள ஹோஸை மடித்து இறுக்கிப் பிடியுங்கள். முள் ஏறினால் பம்பும் கேஜும் சரி. அடுத்து அப்பச்சோடாப் போத்தலுக்கு அப்பால் மடியுங்கள், பிறகு காவல் போத்தலுக்கு அப்பால், பிறகு வாளிக்குத் திரவம் வரும் ஹோஸை. எந்த இடத்தில் மடித்தபோது முள் ஏறாமல் நின்றதோ, அந்த இடத்துக்கும் அதற்கு முன் மடித்த இடத்துக்கும் நடுவில்தான் ஓட்டை.

துல்லியமாக எங்கே என்று பார்க்கச் சவர்க்கார நுரை பூச வேண்டாம். சைக்கிள் டியூப்பில் காற்று வெளியே வருவதால் குமிழ் விடும். இங்கே காற்று உள்ளே போகிறது, குமிழ் வராது, சவர்க்காரத் தண்ணிதான் வினாகிரிக்குள் போய்ச் சேரும். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி மூடியின் விளிம்பு, றப்பர் அடைப்பு, ஹோஸ் மாட்டிய இடம் என்று மெதுவாகக் கொண்டுபோங்கள். மற்றைய காற்றாடியெல்லாம் நிறுத்தியிருக்க வேண்டும். புகை எங்கே சட்டென்று உள்ளே வளைகிறதோ அங்கேதான். எங்கள் அனுபவத்தில் வாளி மூடியின் றப்பர் வளையம்தான் முதல் குற்றவாளி. இறுகிப்போன வளையத்தை மாற்றுவது தவிர வேறு வழியில்லை. வளையம் நல்லதாக இருந்தால், தொடக்கத்தில் மூடியைக் கையால் இரண்டு நொடி அழுத்திப் பிடியுங்கள், முள் 2-க்கு வந்ததும் அது தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

காற்று விடும் வால்வு திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி நடப்பது.

முள் ஏறுகிறது, திரவம் வரவில்லை

இப்போது காற்று எங்கும் புகவில்லை, வழிதான் அடைபட்டிருக்கிறது. ஹோஸைத் தடவிப் பாருங்கள். மெல்லிய ஹோஸ் வாக்யூமில் தட்டையாகிவிடும், அதுவும் கச்சான் என்ற வறண்ட சூட்டுக்காற்று வீசும் மாதங்களில் வெயிலில் கிடந்து இளகிய ஹோஸ் என்றால் 5 அங்குலத்திலேயே தட்டையாகும். நூல் பின்னிய தடித்த ஹோஸ் வாங்குங்கள். ஹோஸ் சரியென்றால் பரலுக்குள் இருக்கும் முனையைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் தாய் ஆடையின் (புளிக்கும்போது மேலே படரும் வழுவழுப்பான படலத்தின்) துண்டொன்று வந்து ஒட்டியிருக்கும். முனையில் துளைகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, பரலின் அடியிலிருந்து நாலு விரல் மேலே நிற்கும்படி ஒரு குச்சியோடு கட்டினால் இந்தத் தொல்லை போய்விடும்.

வாளி முழுக்க நுரை, காவல் போத்தலிலும் நுரை

நொதித்து முடிந்த தேங்காய்த் தண்ணியை மாற்றும்போது மட்டும் இது வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஈஸ்ட் விட்ட கரியமில வாயு அதில் கரைந்திருக்கிறது. நம் பக்கத்து 30 பாகைச் சூட்டிலும் ஒரு லீற்றரில் அரை லீற்றருக்கு மேல் வாயு கரைந்திருக்கும். அழுத்தத்தைக் குறைத்ததும் சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி எல்லாம் ஒன்றாக வெளியே வரும். வால்வைக் கொஞ்சம் திறந்து முள்ளை 4-க்கு இறக்குங்கள். வாளியில் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள். வாளிக்குள் வரும் குழாய் நேரே கீழே கொட்டாமல் பக்கச் சுவரில் வழியும்படி வளைத்து வையுங்கள். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு ஹோஸை அடைத்து, முள்ளை மெல்ல மெல்ல 10 வரை ஏற்றி இறக்கினால் மீதி வாயுவிலும் ஒரு பகுதி போய்விடும். அடுத்த முறை மாற்றும்போது நுரை குறைவாக வரும்.

நன்றாகப் புளித்து முடிந்த வினாகிரியில் நுரை வந்தால் அது வேறு கதை. அதில் அவ்வளவு வாயு இல்லை. உறிஞ்சும் ஹோஸின் முனை திரவத்துக்கு மேலே வந்திருக்கும், அல்லது ஹோஸ் இணைப்பில் காற்று புகுந்துகொண்டிருக்கும்.

பில்டர் இரண்டு வாளியிலேயே அடைத்துவிடுகிறது

தண்ணி சுத்திகரிக்கும் 10 அங்குல பில்டர் கூடும், அதற்குள் வைக்கும் வெள்ளை நூல் பில்டரும்தான் இங்கே பலரும் திரவம் வரும் ஹோஸில் போடுவது. நல்ல தெரிவுதான். ஆனால் பில்டர் அடைத்ததும் வாக்யூமைக் கூட்டுவதுதான் பிழை. தேங்காய்த் தண்ணி வினாகிரியில் அடைப்பது தூசி அல்ல, வழுவழுப்பு. தாய் ஆடையைச் செய்யும் பக்டீரியா செலுலோஸ் நாரை நூற்றுக்கொண்டே இருக்கும். தேங்காய்த் தண்ணியில் அது தடிப்பாகவே வளரும், பிலிப்பைன்ஸில் அதைத்தான் நாட்டா டி கோக்கோ என்று இனிப்பில் ஊறவைத்துச் சாப்பிடுகிறார்கள். அந்த நாரை அதிகம் இழுத்தால் அது பில்டரின் முகத்தில் இன்னும் இறுக்கமாகப் படிந்து, இருந்த கொஞ்ச வழியையும் மூடிவிடும். முள்ளை 12-லிருந்து 6-க்கு இறக்கிப் பாருங்கள், சில நேரம் ஓட்டம் கூடுவதைக் கண்ணாலேயே காணலாம்.

வாக்யூமால் எவ்வளவு முயன்றாலும் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் தள்ள முடியாது, நாம் பயன்படுத்துவதோ அதில் பாதிக்கும் குறைவு. ஆகவே பில்டருக்கு வரும் முன்னமே வேலையில் பெரும்பங்கு முடிந்திருக்க வேண்டும். முதலில் தாய் ஆடையைக் கையால் எடுத்துவிடுங்கள். பிறகு பரலை மூடி, அசைக்காமல், வீட்டில் குளிர்ச்சியான மூலையில் இரண்டு மூன்று கிழமை தெளிய விடுங்கள். தெளிவை மட்டும் எடுத்து நெருக்கமான நைலோன் துணியில் வடியுங்கள். அதன் பிறகு 5 மைக்ரோன், அதன் பிறகு 1 மைக்ரோன். 5-ஐத் தாண்டி நேரே 1-க்குப் போனால் ஒரு வாளிக்கு ஒரு பில்டர் செலவாகும். பரலின் கடைசி நாலு விரலைப் பில்டரில் விட வேண்டாம். அதைத் தனிப் போத்தலில் வைத்தால் அடுத்த பரலுக்குத் தாய்.

புதுப் பில்டரை மாட்டியதும் முதலில் காய்ச்சி ஆறிய தண்ணி ஐந்து லீற்றர் இழுத்து ஊற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் போத்தல்களில் பிளாஸ்டிக் வாசம் இருக்கும்.

பில்டர் கூடு பாதிதான் நிரம்புகிறது, உள்ளே குமிழ் ஓடுகிறது

அந்தக் கூடுகள் உள்ளிருந்து வெளியே தள்ளும் தண்ணி அழுத்தத்துக்காகச் செய்தவை. நாம் அதை எதிர்ப்பக்கமாக வேலை வாங்குகிறோம். உள்ளே இழுக்கும்போது வளையம் தன் பள்ளத்தை விட்டு அசைந்து காற்றை விடும். வளையத்தைக் கழற்றித் துடைத்து, உணவுக்கு ஏற்ற சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகப் பூசிப் போடுங்கள். தொடங்கும்போது கூட்டைத் தலைகீழாகப் பிடித்து, மேலே தங்கும் காற்று முழுதும் போன பிறகு நிமிர்த்துங்கள். பாதி நிரம்பிய கூட்டில் பில்டரின் மேற்பாதி வேலை செய்யாது, அடைப்பு இன்னும் சீக்கிரம் வரும்.

பம்பின் எண்ணெய் பால் நிறமாகிவிட்டது

இதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பம்ப் சாவது இதனால்தான். எங்கள் முதல் பம்பில் ஒரு நாள் வேலை முடிந்த நேரம் பெரியம்மா வந்து, "மனே, மோட்டருக்குள்ள இருந்து வினாகிரி மணக்குதே" என்றார். வடிகட்டும்போது வரும் மணம் என்று விட்டுவிட்டேன். நாலு மாதத்தில் உள்ளே தகடுகள் துருப்பிடித்து இறுகிப்போயின. வினாகிரி ஒரு துளிகூட உள்ளே போயிருக்கவில்லை, அதன் ஆவி மட்டும்தான் போனது.

காவல் போத்தல் திரவத்தைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்குத்தான் அப்பச்சோடா. போத்தலில் அப்பச்சோடாவும் பஞ்சும் மாறி மாறித் தளர்வாக அடுக்குங்கள், காற்று அதனூடே போகட்டும். 84 கிராம் அப்பச்சோடா 60 கிராம் அசற்றிக் அமிலத்தை முறிக்கும். ஆவியில் வருவது அதில் மிகச் சிறிய பங்கு என்பதால் ஒரு தரம் போட்டால் பல நாள் வரும். கட்டியாக இறுகியதும் மாற்றுங்கள். தண்ணியில் கரைத்து வைக்க வேண்டாம், அந்த ஈரமே எண்ணெய்க்குப் போகும்.

எண்ணெய் ஏற்கெனவே வெளிறியிருந்தால் சூட்டோடு வடித்துப் புதிது விடுங்கள். அரை மணி ஓட்டி மறுபடி பாருங்கள், இன்னும் வெளிறினால் இன்னொரு முறை மாற்றுங்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஹோஸைக் கழற்றி இழுக்கும் வாயை மூடிவிட்டு, பம்பில் கேஸ் பலஸ்ட் திருகு (ஆவி உள்ளே தங்காமல் போகக் கொஞ்சம் வெளிக்காற்றை விடும் திருகு) இருந்தால் அதைத் திறந்து 20 நிமிடம் சும்மா ஓட விடுங்கள். சூட்டில் உள்ளே தங்கிய ஈரமும் புளிப்பும் வெளியேறும். பம்பின் புகைவாயில் எண்ணெய் ஆவி வரும். அதை வீட்டுக்கு வெளியே, பரல்களுக்குத் தூரமாக வையுங்கள்.

பழைய பிரிட்ஜ் கம்ப்ரசரை வாக்யூம் பம்பாக்கி ஓட்டுகிறவர்களும் உண்டு. இழுக்கும், ஆனால் உள்ளே இருக்கும் எண்ணெயை எளிதில் மாற்ற முடியாது, குளிர்வாயு ஓடாததால் விரைவில் சூடேறும். பத்து நிமிடம் ஓட்டிப் பத்து நிமிடம் ஆறவிட முடிந்தால் மட்டும் பாருங்கள். அதைவிட எண்ணெயே இல்லாத டயபிரம் பம்ப் மேல், வேகம் குறைவென்றாலும்.

நிறுத்தியதும் காவல் போத்தலில் இருந்தது வாளிக்குத் திரும்பி ஓடுகிறது

சுவிட்சை அணைக்கும் முன் காற்று விடும் வால்வைத் திறவுங்கள். எப்போதும் அந்த ஒழுங்கில்தான். வால்வை மூடியபடி அணைத்தால் வாளிக்குள் இருக்கும் வாக்யூம், பம்புப் பக்கமிருந்து எதையாவது இழுத்துக்கொள்ளும். காவல் போத்தலில் இருந்தது திரும்பி வரும், பம்ப் எண்ணெயும் வரலாம். கரண்ட் திடீரென்று போனாலும் இதேதான் நடக்கும். வடகீழ் பருவ மழைக் காலத்தில் எங்கள் பக்கம் அது அடிக்கடி நடப்பதால் பம்புக்கு முன்னால் ஒரு வழி வால்வு ஒன்று போட்டுவிட்டோம். எண்ணெய் கலந்த வாளியை மீட்க வழியில்லை, ஊற்றிவிடுங்கள்.

மோட்டர் உறுமுகிறது, சுற்றவில்லை

உடனே அணையுங்கள், சுருள் எரிந்துவிடும். பின்னேரம் எல்லா வீட்டிலும் விளக்கும் காற்றாடியும் ஓடும்போது 230 வோல்ட் என்பது 190-க்கும் இறங்கலாம். காலையில் போட்டுப் பாருங்கள். காலையிலும் உறுமினால் கப்பாசிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். வால்வை மூடி வைத்துப் பம்பைத் தொடங்குவதும் ஒரு காரணம், திறந்து வைத்துத் தொடங்கி மெல்ல மூடுங்கள்.

சில போத்தல்கள் நிரம்புகின்றன, சில நிரம்புவதே இல்லை

போத்தலின் வாயில் பொருந்தும் றப்பர் அடைப்பில் இரண்டு குழாய்: ஒன்று வாளியிலிருந்து, மற்றது காவல் போத்தலுக்கு. நிரம்பாத போத்தலின் வாயை விரலால் தடவுங்கள், எங்கோ ஓரம் உடைந்திருக்கும். அதை ஒதுக்கிவிடுங்கள். மூடியும் அதில் சரியாக இறுகாது, ஆகவே பம்ப் நமக்கு ஒரு சோதனையைச் சும்மா செய்து தருகிறது.

மட்டம் போத்தலுக்குப் போத்தல் மாறினால் காற்று இழுக்கும் குழாயின் முனை அடைப்புக்குள் வழுக்குகிறது என்று பொருள். திரவம் அந்த முனையைத் தொட்டதும் மேலே வருவதெல்லாம் காவல் போத்தலுக்குப் போகும். முனை எவ்வளவு கீழே நிற்கிறதோ அதுதான் மட்டம்.

உருண்டைப் போத்தல் மட்டும் பயன்படுத்துங்கள். அரைச் சாராயப் போத்தல் மாதிரித் தட்டையானவை வாக்யூமுக்கு வேண்டாம். சூடான வினாகிரியையும் இப்படி அடைக்க வேண்டாம். 15 அங்குலத்தில் தண்ணி ஏறக்குறைய 82 பாகையிலேயே கொதிக்கும். அதற்குக் கீழேயும் ஆவி நிறையப் போய்ச் சேரும் இடம் பம்ப்தான்.

இலேசான பச்சை, நாக்கில் செம்பு ருசி

வழியில் எங்கோ பித்தளை இருக்கிறது. கேஜின் அடி, ஹோஸ் முனை, வால்வு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். பச்சை படிந்ததுதான் அது. வினாகிரி தொடும் இடமெல்லாம் கண்ணாடி, உணவுத்தரப் பிளாஸ்டிக், ஸ்டெயின்லெஸ் என்றே இருக்கட்டும். பச்சையானதைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது.

அடைத்து இரண்டு கிழமையில் போத்தலின் மேலே ஆடை

வாக்யூமில் அடைத்ததால் உள்ளே காற்றே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். அடைப்பைக் கழற்றிய அந்த நொடியே போத்தலின் கழுத்துக்குக் காற்று வந்துவிடுகிறது. 1 மைக்ரோன் பில்டரையும் பக்டீரியா கடந்துவிடும், 0.45 மைக்ரோன்தான் அதை நிறுத்தும். அந்தப் பில்டர் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் அடைத்த போத்தல்களை மூடியைத் தளர்த்தி அண்டாவில் தண்ணிக்குள் நிறுத்தி, உள்ளே இருக்கும் வினாகிரி 65 பாகைக்கு வந்த பின் அரை மணி வைத்து, சூட்டோடு மூடியை இறுக்குகிறோம். விரிவதற்கு இடம் வேண்டும் என்பதால் மூடியிலிருந்து இரண்டு விரல் கீழே மட்டம் வையுங்கள், அதற்கு மேல் காற்று விட வேண்டாம்.

ஆடை வந்த போத்தல் கெட்டதல்ல, வடித்துப் பாவிக்கலாம். ஆனால் ஆடை வந்து பல மாதம் கிடந்ததை அச்சாறுக்கு எடுக்க வேண்டாம். மதுச்சத்து தீர்ந்ததும் அந்தப் பக்டீரியா வினாகிரியின் புளிப்பையே தின்னத் தொடங்கும். 4 வீதத்துக்குக் கீழே போனால் அச்சாறைக் காக்கும் பலம் அதற்கு இல்லை, நாக்குக்கு அது தெரியவும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கும் ஒருவரிடம் ஒரு சிறு போத்தல் கொடுத்து அளந்து பாருங்கள், பியூரெட் வைத்துச் செய்யும் பத்து நிமிட வேலை. அளந்த எண்ணையும் தேதியையும் போத்தலில் ஒட்டி வையுங்கள்.